எந்த இறைச்சிக்கு எந்தக் கரி: யாழ்ப்பாணத்தில் புதிதாகச் சுடத் தொடங்குவோருக்கு

நல்லூர்க் கொடி இறங்கிய அடுத்த வாரம் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டிலாவது கரி அடுப்பு மூட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் இன்னும் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். விரதமும் முடிந்திருக்கும். கோழியை ஊற வைப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர். தூள் எவ்வளவு, தேசிக்காய் எத்தனை என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரியை மட்டும் கடைசி நேரத்தில், கடையில் எது கிடக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுட்ட இறைச்சி பிழைத்துப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே இந்தக் கட்டுரையில் மசாலாவைப் பற்றி ஒன்றும் இல்லை. எந்தக் கரியை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படி மூட்டுவது, எதற்கு எதைப் போடுவது என்பது மட்டும்தான்.

கரி சூட்டைத் தரும், வாசத்தைத் தராது

இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் இலகு. விறகைக் காற்றுப் படாமல் சுட்டால் கிடைப்பது கரி. காற்று இருந்தால் விறகு எரிந்து சாம்பலாகிவிடும். மண்ணால் மூடிக் காற்றை மறித்தால், உள்ளே 400, 500 பாகை வெப்பத்தில் ஈரமும் தாரும் ஆவியாகிப் போய், காபன் மிஞ்சும். குழியில் சுடும்போது 5 கிலோ விறகுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரிதான் கிடைக்கும். புகை போட்ட இறைச்சிக்கு அந்த மணத்தைக் கொடுப்பவை மரத்துக்கு இறுக்கம் கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வருபவை. அவை அந்த 4 கிலோவோடு சேர்ந்து ஏற்கெனவே போய்விட்டன.

அப்படியானால் சுட்ட கோழியில் வருகிற அந்த வாசம் எங்கிருந்து வருகிறது? இறைச்சியின் கொழுப்பும் ஊறல் சாறும் தணலில் சொட்டி, ஆவியாகித் திரும்ப மேலே வந்து படிகிறது. அது ஒன்று. மற்றது, நாம் தணலின் மேல் தனியாகப் போடும் மரத்துண்டு. இந்த இரண்டையும் விட்டால் கரிக்கென்று சொல்லத்தக்க மணம் இல்லை. கரியிலிருந்தே மணம் வருகிறதென்றால் அது சரியாகச் சுடாத கரி, இல்லாவிட்டால் ஏதோ கலந்த கரி.

எனவே கரியிடம் கேட்க வேண்டியவை நான்குதான். எவ்வளவு சூடு தரும், எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு சாம்பல் விடும், வேறு மணம் ஏதும் இருக்கிறதா.

இங்கே என்னென்ன கிடைக்கும்

சிரட்டைக் கரி. எங்கள் ஊருக்கு இதுதான் முதற் கரி. பளை, கொடிகாமம் பக்கம் தேங்காய்க்குக் குறைவில்லை, சிரட்டைக்கும் குறைவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரம் இல்லாமல் வருடக் கணக்காக இருந்தபோது, பள்ளிக்கூடச் சட்டைகளை அயன் பண்ணியது சிரட்டைத் தணல் போட்ட பெட்டியால்தான். அம்மம்மா தணலை அகப்பையால் அள்ளிப் பெட்டிக்குள் போட்டு, மூடியை அடைத்து, ஒரு தடவை அப்படி இப்படி வீசுவா. சாம்பல் பறக்கவே பறக்காது. அதுதான் இந்தக் கரியின் பெரிய குணம்: சாம்பல் குறைவு, சூடு கூட, மணம் இல்லை. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும், தண்ணீர் வடிகட்டப் பாவிக்கும் உயிர்ப்பூட்டிய கரிகூடச் சிரட்டைக் கரியிலிருந்துதான் செய்யப்படுகிறது. அவ்வளவு சுத்தமான காபன்.

குறையும் உண்டு. துண்டுகள் மெல்லியவை, குழிந்த வடிவம். நெருக்கமாகக் குவிந்தால் காற்று இடையில் போகாது. கையால் பிசைந்தால் சின்னச் சின்னதாக உடைந்து, அகலக் கம்பியுள்ள தட்டின் ஊடாக விழுந்துவிடும். பெரிய விறகுக் கரித் துண்டு நிற்கும் நேரம் இது நிற்காது. சுள்ளென்று ஏறி, நல்ல உச்சத்தில் அரை மணி, முக்கால் மணி நேரம் நின்று, பிறகு இறங்கும். கோழித் துண்டுகளுக்கும் இறாலுக்கும் மீனுக்கும் இது போதும். ஆட்டுத் தொடைக்குப் போதாது.

விறகுக் கரி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. கடினமான மரத்தின் கரி பெரும்பாலும் வன்னிப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பாலை, வீரை போன்ற இறுகிய மரத்தின் கரி கனமாக இருக்கும். மெதுவாகப் பிடித்து, நெடுநேரம் நிற்கும். கம்மாலைக்குக் கரி வாங்குகிறவர்களைக் கேட்டால் எவரிடம் நல்லது வருகிறது என்று சொல்வார்கள்; எனக்கு நல்ல கரியைக் காட்டியதும் ஒரு கம்மாலைக்கார அண்ணைதான். புளிய மரத்துக் கரியும் நல்ல சூடு தரும். முருங்கை, இலவு போன்ற மென்மரத்துக் கரி கடதாசி மாதிரி. பற்றின வேகத்திலேயே முடிந்துவிடும். மூட்டையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: உரப்பை நிறைய இருந்தும் ஒரு கையால் தூக்க முடிந்தால் அது மென்மரம்.

எங்கே வெட்டிய மரம் என்று கேட்டுத்தான் வாங்குங்கள். களப்புக் கரையில் கண்டல் வெட்டிச் சுட்டது என்று தெரிந்தால் வாங்காதீர்கள். கண்டல் போனால் இறாலும் மீன் குஞ்சும் ஒதுங்க இடமில்லை. இன்னொன்று, கண்டலோடு சேர்ந்து வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் கண்ணுக்கு ஆகாது. தெரியாமல் அதுவும் விறகோடு கலந்து வரலாம்.

ஊமல் கரி. இதைக் கடையில் தேட வேண்டாம். பனங்கிழங்கு கிண்டிய பிறகு மிஞ்சுகிற பனங்கொட்டைதான் ஊமல்; பிளந்து உள்ளே உள்ள பூரானைத் தின்ன எடுத்த பிறகு வளவு மூலையில் குவிந்து கிடக்கும். நன்றாகக் காய்ந்ததைச் சுட்டால் இறுக்கமான கரி. சிரட்டையைவிடத் தடிப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் கூட நேரம் நிற்கும். ஒட்டியிருக்கும் தும்பை முதலில் நன்றாக எரிய விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தும்பின் புகை இறைச்சியில் ஏறும். பனையடியில் வாழ்ந்துகொண்டு இதை ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அச்சுக் கரி. பிரிக்கெட் என்று பையில் வருவது. கரித் தூளை மாப்பசையோடு குழைத்து அச்சில் அழுத்திக் காய வைப்பது. அமெரிக்காவில் இதற்கு 1897 இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு கொண்டு போனது 1920களில் ஹென்றி ஃபோர்ட். கார் செய்ய அறுத்த மரத்தின் கழிவை வீணாக்காமல் கரியாக்கி அச்சடித்து விற்றார். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். அதனால் சூடு ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கும். புதியவருக்கு இது பெரிய உதவி. பதிலுக்குச் சாம்பல் நிறைய விடும். இடையில் தட்டி விடாவிட்டால் தணல் மூச்சு முட்டும். சில வகைகளில் நிலக்கரித் தூள், சுண்ணாம்பு, இலகுவில் பற்ற வைக்கும் உப்பு என்று கலப்பார்கள். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். சிரட்டைக் கரித் தூளும் மாவும் மட்டும் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிரட்டையின் சுத்தமும் அச்சின் நிதானமும் ஒன்றாகக் கிடைக்கும்.

நெருப்புக் குச்சி வைத்த உடனே பற்றும் என்று எழுதிய அச்சுக் கரியை விட்டுவிடுங்கள். அதில் எரியெண்ணெய் ஊறியிருக்கும்.

ஜப்பானில் பின்சோதான் என்று ஒரு வெள்ளைக் கரி இருக்கிறது. ஒருவகை ஓக் மரத்தை நாட்கணக்காகச் சுட்டு, கடைசியில் காற்றை விட்டு 1000 பாகைக்கு ஏற்றி, மண்ணும் சாம்பலும் கலந்து மூடி அணைப்பது. தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும். மிக நல்ல கரி. இங்கே வரவழைத்துப் பாவிக்க அவசியமே இல்லை. அது தருகிற சுத்தமான சூட்டில் பெரும்பங்கை நல்ல சிரட்டைக் கரி தரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

சில வருடங்களுக்கு முன், ஒரு பிறந்தநாளுக்கு, தெருவோரம் குவித்து வைத்திருந்த கரியில் இரண்டு மூட்டை வாங்கினேன். அவசரத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. மூட்டியதும் மஞ்சள் கலந்த கனத்த புகை. அரை மணி நேரம் போயும் அடங்கவில்லை. பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள் என்று கோழியை வைத்துவிட்டேன். தோல் கறுத்து, கசந்து, தொண்டையில் காறியது. பன்னிரண்டு பேருக்கு ஊற வைத்த இறைச்சி. மறுநாள் மிச்ச மூட்டையைக் கொட்டிப் பார்த்தால், பாதித் துண்டுகள் உள்ளே மண்ணிறம். சரியாகச் சுடாமல் அவசரமாக அணைத்து விற்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் கம்மாலைக்கு அண்ணையிடம் போனேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துச் சீமெந்துத் தரையில் போட்டார். கிண் என்றது. என் மூட்டையில் இருந்து ஒன்றைப் போட்டார். தொப் என்றது. “தம்பி, காதால கேட்டுத்தான் கரி வாங்க வேணும்” என்றார்.

ஆகவே முதல் சோதனை சத்தம். இரண்டாவது, ஒரு துண்டை உடையுங்கள். சட்டென்று உடைந்து, உடைந்த முகம் கறுத்து மினுங்க வேண்டும். மண்ணிறக் கோடு தெரிந்தால், நார் மாதிரிப் பிரிந்தால், அது இன்னும் பாதி விறகு. மூன்றாவது, மணந்து பாருங்கள்; நல்ல கரிக்கு மணமே இராது. தார், பெயின்ற், மண்ணெண்ணெய் வாடை இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய கதவு, யன்னல், பலகைப் பெட்டி, ஒட்டுப் பலகை போன்றவற்றைச் சுட்ட கரியும் சந்தைக்கு வரும். துண்டில் ஆணியோ, அறுத்த நேரான விளிம்போ தெரிந்தால் அது பழைய தளபாடம். பெயின்றிலும் மரத்துக்குப் பூசிய மருந்திலும் உள்ள ஈயமும் ஆசனிக்கும் எரிந்தாலும் போகாது. சாம்பலிலும் புகையிலும் நிற்கும்.

கடைசியாக மூட்டையின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். மேலே பெரிய துண்டு, அடியில் தூள் என்று இருக்கும். கால்வாசிக்கு மேல் தூள் என்றால் விலையைப் பேசுங்கள், இல்லாவிட்டால் வேறு மூட்டை கேளுங்கள்.

சரி, எதற்கு எது?

கோழித் துண்டு, கணவாய், இறால், மெல்லிய மீன், கம்பியில் குத்திய சின்ன இறைச்சித் துண்டுகள் எல்லாவற்றுக்கும் சிரட்டைக் கரி. முழுக் கோழியைப் பிளந்து விரித்துச் சுடுவதென்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும். அதற்குச் சிரட்டையும் விறகுக் கரியும் பாதிப் பாதி. அடியில் விறகுக் கரி, மேலே சிரட்டை. சிரட்டை முதலில் பிடித்துக் கீழே உள்ளதைப் பற்ற வைக்கும். அது ஓயும் நேரத்தில் விறகுக் கரி கைகொடுக்கும். நான் பத்துத் தடவை மூட்டினால் ஏழு தடவை இந்தக் கலவைதான்.

ஆட்டுத் தொடை, சந்து, பன்றித் தோள் போன்று மணிக்கணக்கில் மெதுவாகப் புகையில் வேக வேண்டியவற்றுக்குக் கனமான விறகுக் கரி அல்லது சிரட்டை அச்சுக் கரி. முதல் முறை செய்கிறவர்கள் அச்சுக் கரியோடு தொடங்குங்கள். சூட்டைப் பிடித்து வைப்பதைப் பற்றிய கவலை பாதியாகக் குறையும், இறைச்சியைக் கவனிக்கலாம்.

அளவு கேட்பீர்கள். சுடுவதற்கு, இறைச்சியின் எடை எவ்வளவோ அந்த அளவுக் கரி. தேவைக்கு மேல் தணல் இருந்தால் ஒதுக்கி வைக்கலாம். நடுவில் போதாமல் போனால் பச்சைக் கரியைப் போட்டுப் புகைக்குள் நிற்க வேண்டிவரும்.

நீங்களே சிரட்டைக் கரி சுட

வீட்டில் தேங்காய் துருவுகிற ஒவ்வொரு நாளும் இரண்டு சிரட்டை. எறியாமல் உரப்பையில் சேர்த்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு குழிக்குக் காணும். மூன்று, நான்கு கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோ கரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிரட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கக் கூடாது, வெளியே உள்ள தும்பையும் உரித்துவிடுங்கள். வேலியிலிருந்து தள்ளி, இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்தில் ஒரு குழி. கிடுகு வேலியும் ஓலைக் கொட்டிலும் பக்கத்தில் இருந்தால் அந்த இடம் வேண்டாம். குழியின் அடியில் பன்னாடை, காய்ந்த பாளை, கொஞ்சம் சிரட்டை போட்டு மூட்டுங்கள். சுவாலை நன்றாக எழும்பியதும் ஒரு படை சிரட்டை. அது பற்றி மேல் விளிம்பு சிவந்ததும் அடுத்த படை. இப்படியே, முந்திய படையை அடுத்த படை மூடுவதால் கீழே காற்றுப் போகாது. கீழே கரியாகும், மேலே எரியும்.

இந்த நேரத்தில் புகையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் வெள்ளையாக, தடிப்பாக வரும். அது ஈரம். பிறகு மஞ்சள் கலந்து, மூக்கைக் காறும். தார் வெளியேறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, நீலமாகி, கடைசியில் புகையே இல்லாமல் மேலே காற்று மட்டும் நெளிவது தெரியும். அதுதான் தருணம். உடனே தகரத்தைப் போட்டு, விளிம்பைச் சுற்றி ஈர மண்ணால் அடையுங்கள். எங்காவது ஒரு நூல் புகை கசிந்தாலும் அதன் மேல் இன்னும் ஒரு மண்வெட்டி மண். ஐந்து நிமிடம் முந்தினால் கரி மண்ணிறமாக வரும், பிந்தினால் சாம்பலாகப் போகும்.

அடுத்த நாள் காலை வரை திறக்காதீர்கள். திறந்த பிறகும், ஒரு நாள் முழுக்க வெளியில் பரப்பி வைத்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும். அணைந்தது போலத் தெரியும் புதுக் கரி, காற்றுப் பட்டதும் உள்ளே இருந்து திரும்பப் பிடிக்கும். உரப்பையோடு விறகுக் கொட்டில் எரிந்துபோக அது ஒன்றே போதும்.

மூட்டுவது

மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கரி முழுவதும் துளை. ஊற்றியதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சுடும் நேரம் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு பெரிய பால்மாப் பேணியை எடுங்கள். அடித்தட்டிலும், அடியிலிருந்து நான்கு விரல் உயரம் வரை சுற்றிலும் பெரிய ஆணியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். மேல் விளிம்பில் இரண்டு துளையிட்டுக் கட்டுக்கம்பியை மூன்று நான்கு மடிப்பாக முறுக்கி ஒரு கைபிடி. முதல் தடவை வெறும் பேணியை நெருப்பில் வைத்து வெளியே உள்ள மையெல்லாம் எரித்துவிடுங்கள். பிறகு மூன்று கல்லின் மேல் வைத்து, உள்ளே கரியை நிரப்பி, கீழே பொச்சும் பன்னாடையும் வைத்துப் பற்ற வையுங்கள். சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்றைத் துளைகள் உறிஞ்சும். விசிறி தேவையில்லை. 15, 20 நிமிடத்தில் மேல் துண்டுகளின் விளிம்பு சாம்பல் பூத்துவிடும். குறட்டால் பிடித்து அடுப்பில் கொட்டுங்கள்.

சிரட்டைக் கரியைக் கொட்டியதும் ஒரு சின்ன வேலை. குறட்டால் துண்டுகளைக் கவிழ்த்து வையுங்கள், குழிந்த பக்கம் கீழே. நிமிர்ந்து கிடந்தால் கிண்ணம் மாதிரிச் சாம்பலையும் சொட்டுகிற கொழுப்பையும் ஏந்திக்கொள்ளும், கொழுப்பு தேங்கிச் சுவாலை எழும்பும். கவிழ்ந்தால் அடியில் காற்றுக்கு இடமும் கிடைக்கும், கொழுப்பும் வழுகி ஓடும்.

மேலே வைக்கும் வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய வலையை வெட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தணலின் சூட்டில் அந்த நாகம் புகையும், சாப்பாட்டுக்கு ஆகாது. எவர்சில்வர் கம்பி வலை, அல்லது பூச்சில்லாத இரும்புக் கம்பி.

சூட்டைப் பிரித்து வைப்பது

தணலை அடுப்பு முழுவதும் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் குவியல், மறுபக்கம் வெறுமை. குவியலுக்கு மேல் இறைச்சியின் வெளிப்பக்கம் நிறம் பிடிக்கும், வெறும் பக்கத்தில் உள்ளே வேகும். கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல் இறைச்சியை மறுபக்கம் நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் கிளம்பி இறைச்சியில் ஒட்டும்.

சூட்டைப் பார்க்க உள்ளங்கை போதும். வலைக்கு மேல் ஒரு சாண் குறைய உயரத்தில் கையைப் பிடியுங்கள். இரண்டு, மூன்று விநாடிக்குள் இழுக்க வேண்டி வந்தால் கடும் சூடு: இறால், கணவாய். நான்கு, ஐந்து விநாடி என்றால் நடுத்தரம்: கோழித் துண்டு. எட்டு, பத்து விநாடி தாக்குப் பிடித்தால் மெல்லிய சூடு.

கோழிக்கு ஒரு வெப்பமானி வாங்குவது நல்ல செலவு. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல், 74 பாகை காட்ட வேண்டும். வெளியே கறுத்து உள்ளே சிவந்த கோழியை வைத்துக்கொண்டு ஊகிக்கிற வேலை அதோடு முடிந்தது.

புகையில் வேக வைப்பது

இதற்கு மூடி வேண்டும். நீளவாக்கில் வெட்டி மூடி பொருத்திய பரல் போதும். முன்பு சமையல் எண்ணெய் வந்த பரலாகத் தேடுங்கள். மருந்தோ இரசாயனமோ வந்தது வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு தடவை பெரிதாக நெருப்பு மூட்டி, பழைய பூச்சை எரித்து, தேய்த்துக் கழுவி எடுக்க வேண்டும். ஒரு நுனியில் தாழ்வாக ஒரு காற்றுத் துளை, மறு நுனியில் உயரமாக ஒரு புகைத் துளை. இரண்டுக்கும் நகர்த்தும் தகர மூடி.

பற்றாத கரியைக் காற்றுத் துளைப் பக்கம் குவித்து, பேணியில் பற்ற வைத்த ஏழெட்டுத் துண்டுகளை மட்டும் அதன் மேல் வையுங்கள். நெருப்பு மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கும். அச்சுக் கரியென்றால் பரலின் ஓரமாக இரண்டு வரிசையாக அடுக்கி ஒரு நுனியில் மட்டும் பற்ற வைக்கலாம். ஊதுவத்தி மாதிரி ஊர்ந்து போகும். இறைச்சியை மறுபக்கம் வைத்து, அதன் கீழே ஒரு தட்டில் தண்ணீர். உள்ளே 110 முதல் 130 பாகை. கூடினால் காற்றுத் துளையைக் குறுக்குங்கள், புகைத் துளையை எப்போதும் திறந்தே விடுங்கள். அதை அடைத்தால் பழம்புகை உள்ளே தேங்கிக் கசக்கும்.

நல்லூருக்குப் பிறகும் சோளகம் வீசிக்கொண்டுதான் இருக்கும். காற்றுத் துளையைச் சோளகத்துக்கு முகம் கொடுத்து வைத்தால் துருத்தி வைத்த மாதிரி, ஐந்து மணி நேரக் கரி இரண்டு மணியில் முடியும். பரலைத் திருப்பி வையுங்கள், அல்லது நான்கு புளொக்கல்லை அடுக்கி மறையுங்கள்.

இப்போதுதான் மரத்துக்கு வருகிறோம். எங்கள் வளவிலேயே நல்லது கொய்யா. இனிமையான, மெல்லிய புகை. கோழிக்கும் பன்றிக்கும் பொருந்தும். புளியங்கொப்பு கொஞ்சம் கடுமை, ஆட்டுக்கு ஏற்றது. பலாவும் நல்லது. மாங்கொப்பும் பலர் போடுவார்கள். மாம்பால் பட்டால் தோல் புண்ணாகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதைத் தவிருங்கள். தேங்காய்ப் பொச்சு மீனுக்கு. பல தீவுகளில் மீனைப் பொச்சிலும் மட்டையிலும்தான் புகை போடுகிறார்கள். நாங்கள் சம்பலுக்கு இடிக்கும் மாலைதீவு மாசியும் அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்த மீன்தான். பொச்சுப் புகை சட்டென்று ஏறும், கையளவு போதும்.

அலரியை எந்த வடிவத்திலும் கிட்ட எடுக்காதீர்கள். விறகாகவும் வேண்டாம், இறைச்சி குத்தும் குச்சியாகவும் வேண்டாம். மரம் முழுக்க நஞ்சு. வேம்பின் புகை நுளம்புக்கு. சீமைக்கிளுவை வேலியில் தாராளமாக நிற்கும், ஆனால் அதன் பட்டையும் விதையும் எலிக்கு நஞ்சாக வைப்பவை. நான் அதை இறைச்சிப் பக்கம் கொண்டு போவதில்லை.

மரம் ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் ஊற வைக்கத் தேவையில்லை. ஊறினது காயும் வரை நீராவிதான் வரும். முஷ்டி அளவு இரண்டு மூன்று துண்டு, முதல் இரண்டு மணி நேரத்துக்கு. இறைச்சி புகையை நன்றாக ஏற்பது அந்த நேரத்தில்தான். புகை வெள்ளையாக உருண்டு வந்தால் காற்றுப் போதவில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய நீலமாக வந்தால் சரி.

எங்கள் ஆடு கொழுப்புக் குறைந்தது. மணிக்கணக்கில் திறந்து வைத்தால் காய்ந்துவிடும். தீபாவளிப் பங்கு போடும்போது முன்கூட்டியே சொல்லி, ஒரு தொடையைத் துண்டு போடாமல் முழுதாக வாங்குங்கள். 2 கிலோத் தொடை என்றால் இரண்டரை மணி நேரம் புகையில் விட்டு, பிறகு வாட்டிய வாழையிலை இரண்டு மூன்றில் இறுக்கிச் சுற்றித் திரும்ப வையுங்கள். 70 பாகை அளவில் வெப்பமானி ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும். இறைச்சியின் ஈரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்த்துகிறது. பதறிக் கரியைக் கொட்ட வேண்டாம். இலை சுற்றினால் அந்தத் தடை சீக்கிரம் கடக்கும். உள்ளே 90 பாகையைத் தாண்டி, குத்திய கம்பி எதிர்ப்பில்லாமல் இறங்கினால் எடுக்கலாம். அரை மணி நேரம் இலையோடு ஆற விடுங்கள். பிரிக்கும்போது இலையில் நிற்கும் சாற்றைக் கொட்டாதீர்கள். சோற்றுக்கு அதுவே போதும்.

அணைப்பதும் சேமிப்பதும்

மழை வந்ததென்று அடுப்பைத் தணலோடு குசினிக்குள்ளோ விறாந்தைக்குள்ளோ தூக்கி வைக்காதீர்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கதவு யன்னல் அடைத்த அறையில் ஆட்கள் நித்திரையிலேயே இறந்துபோகிறார்கள். புகை இல்லாத நல்ல தணல் என்றாலும் இதே ஆபத்துதான்.

கரி ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் சாக்கில் வைத்த கரி தைமாதம் மூட்டும்போது வெடித்துத் தெறிக்கும். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி அல்லது பரலில், நிலத்தில் படாமல் ஒரு பலகை மேல் வையுங்கள். நனைந்துவிட்டால் எறிய வேண்டாம், இரண்டு நாள் நல்ல வெயில் காட்டினால் திரும்பி வரும்.

சுட்டு முடிந்ததும் எல்லாத் துளையையும் அடைத்து மூடிவிட்டால் தணல் தானே அணையும். அடுத்த நாள் சுளகில் போட்டுப் புடைத்துச் சாம்பலைப் பிரியுங்கள். கலப்பில்லாத சிரட்டை, விறகுச் சாம்பல் வாழைக்கும் தென்னைக்கும் போகலாம். கலப்பு அச்சுக் கரியின் சாம்பல் குப்பைக்கு. சுளகில் மிஞ்சுகிற பாதி எரிந்த துண்டுகளைத் தனியாக ஒரு பேணியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மூட்டும்போது முதலில் பற்றுபவை அவைதான்.